தேதி போட்ட பூக்கள்

எழுத்தாளர்களின் தோட்டங்களைப் பற்றி எழுதப்பட்டவை பெரும்பாலும் ஒரே சொல்லில் போய் நிற்கின்றன: அமைதி. செடிகளுக்கு நடுவே நின்றால் மனம் அடங்கும், அடங்கிய மனத்தில் கற்பனை ஊறும் என்பது வழக்கமான வாதம். மொட்டைமாடியில் நாலு தொட்டி வைத்திருக்கும் எவருக்கும் இதில் சந்தேகம் வரும். செம்பருத்தியில் மாவுப்பூச்சி ஏறியிருக்கும். கத்திரியில் காய்ப்புழு இருக்கும். ஊருக்குப் போய் இரண்டு நாள் தாமதமாகத் திரும்பினால் கறிவேப்பிலைக் கன்று துவண்டு கிடக்கும். அடங்க வேண்டிய மனம் அங்கே ஓடிக்கொண்டுதான் இருக்கிறது. ஆனாலும் இத்தனை எழுத்தாளர்கள் மண்ணில் கைவைத்திருக்கிறார்கள். அமைதி கிடைக்கவில்லை என்றால் வேறு எது கிடைத்தது? அவர்கள் விட்டுச்சென்ற நாட்குறிப்புகளையும் தோட்டக் கணக்குகளையும் படிக்கும்போது எனக்குப் படுவது இது: தோட்டம் அவர்களுக்குத் தேதியைக் கொடுத்தது. இன்று எது முளைத்தது, எது கருகியது, போன ஆண்டு இதே வாரம் எப்படி இருந்தது என்று குறித்துவைக்கும் பழக்கத்தைக் கொடுத்தது. படைப்பு பெரும்பாலும் அந்தப் பழக்கத்திலிருந்துதான் வளர்ந்திருக்கிறது.

இங்கிலாந்தில் ஹாம்ப்ஷயர் வட்டாரத்தில் செல்போர்ன் என்றொரு கிராமம். அங்கே வாழ்ந்த கில்பர்ட் ஒயிட் என்ற பாதிரியார் 1751இல் ஒரு தோட்டக் குறிப்பேட்டைத் தொடங்கினார். சாணத்தைக் குவித்து, அது மக்கும்போது எழும் சூட்டின் மேல் பாத்தி அமைத்து, குளிர்நாட்டில் வெள்ளரியும் முலாம்பழமும் பயிரிட முயன்றவர் அவர். எந்த நாளில் எரு வந்தது, எந்த நாளில் விதை போட்டார், எது அழுகியது என்பதெல்லாம் அந்தக் குறிப்பேட்டில் இருக்கின்றன. இலக்கியம் என்று சொல்ல அதில் ஒன்றும் இல்லை. ஆனால் பல ஆண்டுகள் இப்படி எழுதிப் பழகிய கண்தான், பார்வைக்கு ஒன்றுபோலவே இருக்கும் மூன்று சிறு குருவிகளைக் குரலை வைத்து மூன்று தனி இனங்கள் என்று பிரித்தறிந்தது. 1789இல் வந்த அவருடைய செல்போர்ன் நூல் இன்றுவரை அச்சில் இருக்கிறது. வெள்ளரிப் பாத்தியின் கணக்கு எழுதாமல் அந்த நூலின் நடை அவருக்குக் கைவந்திருக்கும் என்று நான் நினைக்கவில்லை.

ஹென்றி டேவிட் தோரோவை நாம் தனிமையின் தத்துவவாதியாகவே படித்துப் பழகியிருக்கிறோம். வால்டன் குளக்கரையில் அவர் சுமார் இரண்டரை ஏக்கரில் அவரை வகைப் பயிர் போட்டார். அதன் வரவு செலவை அரை சென்ட் வரைக்கும் கணக்கிட்டு, நிகர லாபம் எட்டு டாலர் 71½ சென்ட் என்று அந்தக் குளக்கரை வாழ்வைப் பற்றிய நூலிலேயே எழுதிவைத்தார். கணக்கை நடுவில் வைத்துவிட்டு அதைச் சுற்றித் தத்துவம் பேசும் துணிவு அவருக்கு இருந்தது. பின்னர் 1852 முதல் 1858 வரை தன் ஊரான கான்கார்டைச் சுற்றிய காட்டுச்செடிகள் ஒவ்வொன்றும் எந்த நாளில் முதல் பூ விட்டது என்று அவர் குறித்துவைத்த பட்டியல்கள் நூற்றாண்டுக்கு மேல் கிட்டத்தட்ட யாருக்கும் பயன்படாமல் கிடந்தன. பாஸ்டன் பல்கலைக்கழகத்தின் ரிச்சர்ட் பிரிமாக்கும் ஆபிரகாம் மில்லர்-ரஷிங்கும் அவற்றை எடுத்துக்கொண்டு அதே ஊரில் அதே செடிகளைத் தேடிப் போனார்கள். பரவலாகக் காணப்படும் 43 இனங்கள் தோரோ காலத்தைவிடச் சராசரியாக ஒரு வாரம் முன்பே பூக்கின்றன என்று 2008இல் எழுதினார்கள். பூமி சூடாகிறது என்பதற்கு ஒரு கட்டுரையாளரின் குறிப்பேடு சாட்சி சொல்லியிருக்கிறது.

எமிலி டிக்கின்சன் தம் காலத்தில் ஆம்ஹர்ஸ்ட் ஊராருக்குக் கவிஞராக அறிமுகமானவர் அல்லர், நல்ல தோட்டக்காரியாகத்தான் தெரிந்தவர். அவர் எழுதிய ஏறத்தாழ 1,800 கவிதைகளில் அவர் உயிருடன் இருந்தபோது அச்சேறியவை பத்தே. பள்ளி நாட்களில் அவர் உலர்த்தி ஒட்டிய 424 செடி மாதிரிகள் 66 பக்கங்களில் இன்றும் ஹார்வர்டு பல்கலைக்கழக நூலகத்தில் இருக்கின்றன. பிற்காலத்தில் அவர் கவிதைகளைத் தாள்தாளாக மடித்து, தம் கையாலேயே சிறு கட்டுகளாகத் தைத்துவைத்தார். அந்தச் செடித் தொகுப்பைப் பார்த்த பிறகு இந்தக் கட்டுகளை நினைத்துப் பார்த்தால், ஒன்று மற்றதற்கு ஒத்திகையாக இருந்தது தெரிகிறது.

ஜார்ஜ் ஆர்வெலிடம் இந்தப் பழக்கம் இன்னும் கடுமையான வடிவம் எடுக்கிறது. 1936இல் வாலிங்டன் என்ற சிற்றூரில் வாடகை வீடு பிடித்து மலிவு விலை ரோஜாக் கன்றுகளை நட்டார். 1938 முதல் வீட்டு நாட்குறிப்பு எழுதினார். கோழி எத்தனை முட்டை இட்டது, எந்தச் செடி மொட்டு விட்டது, காற்று எப்படி என்பவை அதில் வருகின்றன. 1939 ஜூலை, ஆகஸ்ட் மாதங்களில் அவர் ஒரே நேரத்தில் இரண்டு நாட்குறிப்புகள் எழுதிக்கொண்டிருந்தார். ஒன்றில் ஐரோப்பா போரை நோக்கிச் சரிவது நாள்வாரியாகப் பதிவாகிறது. மற்றொன்றில் தோட்டமும் முட்டைக் கணக்கும். போர்ச் செய்தியை எழுதிய கை அதே நாளில் கோழிமுட்டையையும் எண்ணியது. அரசியல் எழுத்தாளர் தோட்டத்தில் பொழுதைக் கழிப்பது தப்பித்தல் என்று சொல்வோர் இந்த இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் படிக்க வேண்டும். அதிகாரம் நேற்றைய செய்தியை இன்று மாற்றி எழுதும் உலகத்தைக் கற்பனை செய்தவர், தன் தோட்டத்தில் நேற்று நடந்ததை நேற்றைய தேதியிலேயே எழுதிவைத்தவர். இரண்டையும் என்னால் பிரித்துப் பார்க்க முடியவில்லை. ‘1984’ நாவலை ஜுரா தீவில் நோயோடு எழுதிய காலத்திலும் அவர் தோட்டக் குறிப்பை நிறுத்தவில்லை.

லெனார்டு உல்ஃபை இங்கே சேர்ப்பதற்கு நமக்கு நெருக்கமான காரணம் ஒன்று உண்டு. வர்ஜீனியா உல்ஃபின் கணவரான இவர் 1904இல் இலங்கை சிவில் சேவைக்கு வந்து, முதலில் யாழ்ப்பாணத்திலும் பிறகு கண்டியிலும் அம்பாந்தோட்டையிலும் அதிகாரியாக இருந்தவர். அம்பாந்தோட்டையில் அன்றாடம் எழுதிய அலுவல் நாட்குறிப்புகள் பின்னால் நூலாகவே வந்தன. 1919இல் இருவரும் ராட்மெல் கிராமத்தில் வாங்கிய வீட்டின் தோட்டத்தை உருவாக்கியவர் லெனார்டுதான். வர்ஜீனியா அந்தத் தோட்டத்தில் இருந்த சிறு மரக்கூடத்தில் உட்கார்ந்து எழுதினார். போருக்கு முந்திய நாட்களில் ஒருநாள் வானொலியில் ஹிட்லர் பேசுகிறார், வந்து கேளுங்கள் என்று வர்ஜீனியா கூப்பிட்டாராம். தான் ஐரிஸ் கிழங்கு நட்டுக்கொண்டிருப்பதாகவும், அந்த ஆள் செத்து நெடுங்காலம் ஆன பின்னும் இவை பூக்கும் என்றும் சொல்லி லெனார்டு வர மறுத்துவிட்டார். இதைத் தன்வரலாற்றில் எழுதியவர் அதோடு விடவில்லை. ஹிட்லர் இறந்து 21 ஆண்டுகள் கழித்து, 1966 மார்ச்சிலும் அவற்றில் சில பூத்ததை ஆண்டு, மாதத்தோடு குறித்தார். அந்தத் தேதி இல்லையென்றால் அது வெறும் வீரவசனமாகப் போயிருக்கும்.

செக் எழுத்தாளர் காரெல் சாபெக் வேறு திசையிலிருந்து வருகிறார். ரோபோ என்ற சொல்லை நாடகத்தின் வழியாக உலகுக்குக் கொடுத்தவர் அவர். 1929இல் தோட்டக்காரனின் பன்னிரண்டு மாதங்களைப் பற்றி ஒரு சின்ன நூல் எழுதினார். அண்ணன் யோசெஃப் படம் வரைந்தார். பலரும் அதை நகைச்சுவை நூல் என்று சொல்லி விட்டுவிடுகிறார்கள். அதன் நவம்பர் அத்தியாயம்தான் நூலின் உயிர் என்பேன். இலை உதிர்ந்து எல்லாம் உறங்கப் போய்விட்டதாக நாம் நினைக்கும் மாதத்தில், மண்ணுக்குள் வேரும் மொட்டும் அடுத்த வசந்தத்தைக் கட்டத் தொடங்கிவிட்டன என்கிறார் சாபெக். எழுத வராத மாதங்களைப் பற்றி எத்தனையோ பேர் புலம்பியிருக்கிறார்கள். அந்த மாதங்களில் என்ன நடக்கிறது என்பதைத் தோண்டிப் பார்த்துச் சொன்னவர்கள் குறைவு. பிறகு 1938 டிசம்பரில் சாபெக் இறந்தார். அண்ணன் நாஜிகளின் பெர்கன்-பெல்சன் முகாமில் 1945இல் உயிரிழந்தார்.

பிரிட்டிஷ் திரைப்பட இயக்குநர் டெரக் ஜார்மன் எச்.ஐ.வி. தொற்று உறுதியான பிறகு, டஞ்சனஸ் கடற்கரையில் அணுமின் நிலையத்துக்கு எதிரே கூழாங்கல் வெளியில் வேலி இல்லாத தோட்டம் போட்டார். 1989 ஜனவரி முதல் நாளில் தொடங்கிய நாட்குறிப்பில் மருந்தும் செடியும் ஒரே பக்கத்தில் வருகின்றன. தனக்கு எத்தனை வசந்தங்கள் மிச்சம் என்று தெரியாதவர், வரும் வசந்தத்துக்கான செடியை நட்டு அதன் நாளையும் எழுதியிருக்கிறார். 1994இல் அவர் காலமானார்.

ஆய்வுக்கூடம் இதைப்பற்றி என்ன சொல்கிறது என்பதையும் பார்த்துவிடலாம். ஸ்டான்ஃபோர்டில் மேரிலி ஓப்பெஸோவும் டேனியல் ஷ்வார்ட்ஸும் 2014இல் வெளியிட்ட சோதனைகளில், நடப்பவர்களுக்கு உட்கார்ந்திருப்பவர்களைவிடப் புதிய யோசனைகள் அதிகம் தோன்றின. வெறும் சுவரைப் பார்த்தபடி நடைப்பொறியில் நடந்தவர்களுக்கும் அந்தப் பலன் கிடைத்தது. வெளியே நடந்தவர்கள் சொன்ன உவமைகள் கூடுதல் புதுமையோடு இருந்தன என்பதும் உண்மை. ஆனாலும் பலனில் பெரும்பகுதி கால்களுக்கு உரியது. பச்சையைப் பார்த்தால் படைப்பாற்றல் பெருகும் என்ற எளிய சூத்திரத்துக்கு இது போதிய ஆதாரம் ஆகாது. சில நிமிடச் சோதனையில் ஒரு பருவத்தை அடைக்கவும் முடியாது. விதை போட்டு, களை பிடுங்கி, கவாத்து செய்து, ஓராண்டு காத்திருந்து அதே செடியை மறுபடி பார்ப்பவருக்குள் நடப்பதை அளக்க நாட்குறிப்பைத் தவிர வேறு கருவி எனக்குத் தெரிந்து இல்லை.

இதில் பலரும் தாண்டிப் போகும் கேள்வி ஒன்று இருக்கிறது. தோட்டத்தில் வேலை செய்தது யார்? பல பெரிய எழுத்தாளர்களின் தோட்டங்களில் கூலியாட்கள் இருந்தார்கள். நாட்குறிப்பு எழுதியவரின் பெயர் நிற்கிறது, மண் கொத்தியவரின் பெயர் நிற்பதில்லை. இதை நேராக எதிர்கொண்டவர் அமெரிக்க எழுத்தாளர் ஆலிஸ் வாக்கர். தன் தாயின் தோட்டத்தைப் பற்றி 1974இல் அவர் எழுதிய கட்டுரை என்னை இன்றுவரை விடவில்லை. ஜார்ஜியா மாநிலத்தில் குத்தகை விவசாயக் குடும்பம். தாய் எட்டுப் பிள்ளைகளைப் பெற்றவர். பகலெல்லாம் வயலில் உழைத்துவிட்டு, இருட்டும் வரை கிடைத்த நேரத்தில் பூச்செடி வளர்த்தார். படிக்கவும் எழுதவும் வரையவும் வாய்ப்பு மறுக்கப்பட்ட கறுப்பினப் பெண்களின் கலை எங்கே போயிற்று என்று வாக்கர் கேட்கிறார். அதற்கான பதிலைத் தன் அம்மாவின் பூக்களில் காண்கிறார்.

இந்தக் கேள்வியை நம் வீடுகளில் கேட்டால் பதில் உடனே வரும். குளியலறைத் தண்ணீர் ஓடும் வாய்க்கால் ஓரத்தில் வாழையும் சேம்பும் வைத்தது யார்? கிணற்றடியில் கனகாம்பரமும் டிசம்பர் பூவும் பதியம் போட்டது யார்? அரிசி களைந்த தண்ணீரை வீணாக்காமல் முருங்கைக்கு ஊற்றியது யார்? 2019 கோடையில் சென்னையில் குடத்துக்கு வரிசையில் நின்ற பெண்கள்தான் பாத்திரம் கழுவிய தண்ணீரைத் துளசிக்கும் மல்லிகைக்கும் பங்கிட்டார்கள். எந்தச் செடி எப்போது பூக்கும், எந்தக் கொடியை எந்த மாதம் வெட்டிவிட வேண்டும் என்பது அவர்களுக்கு மனப்பாடம். அதில் எதுவும் தாளில் ஏறவில்லை. இதை ஓர் இழப்பாகவே நினைக்கிறேன். அது இலக்கியத்தின் இழப்பும்கூட.

இவ்வளவும் சொன்ன பிறகு, பருவத்தைப் பற்றி உலகில் எந்த மொழிக்கும் குறையாமல் யோசித்த நம் மொழிக்கு வர வேண்டும். தொல்காப்பியம் கவிதையின் முதற்பொருளாக நிலத்தையும் பொழுதையும் வைத்தது. கார், கூதிர், முன்பனி, பின்பனி, இளவேனில், முதுவேனில் என்று ஆண்டு பிரிந்தது. ஒரு நாளும் மாலை, யாமம், வைகறை, காலை, நண்பகல், எற்பாடு என்று ஆறாகப் பிரிந்தது. முல்லைக்குக் காரும் மாலையும், குறிஞ்சிக்குக் கூதிரும் யாமமும் உரியவை. ஒழுக்கத்துக்கே பூவின் பெயரை வைத்தார்கள். மனிதர் மனத்தைப் பேச வேண்டுமானால் எந்த நிலம், எந்தப் பருவம், எந்த வேளை என்பதை முதலில் சொல் என்று ஓர் இலக்கணம் கேட்கிறது. ஜப்பானிய ஹைக்கு மரபில் பருவச் சொல் கட்டாயம் என்பதை வியந்து பேசுகிறோம். நம் இலக்கணம் வேளையையும் சேர்த்துக் கேட்டது.

அந்தக் கண் எவ்வளவு நுட்பமானது என்பதற்கு நெடுநல்வாடையில் ஓர் இடம் போதும். கூதிர்காலம். வானம் மூடிக் கிடக்கிறது. பகல் முடிந்ததா இல்லையா என்று தெரியவில்லை. பெண்கள் தட்டில் பித்திகை அரும்புகளை இட்டுவைத்து, அவை விரிந்து மணம் வந்ததும் மாலை வந்துவிட்டது என்று அறிந்து விளக்கேற்றுகிறார்கள். கபிலர் குறிஞ்சிப்பாட்டில் 99 பூக்களை வரிசையாகச் சொன்னது பெரிய சாதனைதான். ஆனால் எனக்கு அந்தப் பித்திகைத் தட்டு அதைவிட உயர்ந்தது. அங்கே பூ அலங்காரமாக நிற்கவில்லை, வீட்டில் ஒரு வேலை செய்கிறது.

குறுந்தொகையின் 66ஆம் பாடலில் இன்னொரு நுட்பம். கார்காலத்தில் திரும்புவேன் என்று சொல்லிப் போன தலைவன் வரவில்லை. கொன்றை பூத்துவிட்டது. தலைவி உடைந்துபோகிறாள். தோழி தேற்றுகிறாள்: இது கார் இல்லை, காலம் தவறிப் பெய்த மழையை நம்பி அறிவில்லாத கொன்றை ஏமாந்து பூத்துவிட்டது. தேறுதலுக்காகச் சொன்ன பொய் என்று கொள்ளலாம். ஆனால் பருவம் தவறிய மழை என்பதும், அதைக் கண்டு மரம் ஏமாறும் என்பதும் அன்றே தெரிந்த செய்திகளாக இருந்தால்தான் அந்தப் பொய் எடுபடும்.

நம் மரபின் குறை என்று நான் நினைப்பதும் இதே இடத்தில்தான் இருக்கிறது. சங்கப் பாடல்களில் பருவம் இருக்கிறது, ஆண்டு இல்லை. கார் என்றால் ஆவணி, புரட்டாசி என்ற மாதக் கணக்கைக்கூட உரையாசிரியர்களிடமிருந்துதான் பெறுகிறோம். பாடல்கள் காருக்கு உரியதாகக் காட்டும் கொன்றை, இன்று நம் தெருக்களில் சித்திரை, வைகாசியில் மஞ்சள் சரம் விடுகிறது. இந்த இடைவெளியை அளக்க நம்மிடம் தேதியிட்ட வரிசை கிடையாது. கியோத்தோவில் இருக்கிறது. அங்கே அரசவையினரும் துறவிகளும் செர்ரி பூத்த நாளைத் தங்கள் நாட்குறிப்புகளில் எழுதிவந்தார்கள். அவற்றைத் திரட்டிய யசுயுகி அவோனோவின் வரிசை கி.பி. 812 வரை பின்னோக்கிச் செல்கிறது. 2021இல் மார்ச் 26ஆம் நாள் உச்சப் பூப்பு வந்தபோது, 1,200 ஆண்டுகளில் இதுவே மிக முந்தியது என்று உறுதியாகச் சொல்ல முடிந்தது அதனால்தான். பூப்பார்க்கும் விருந்துக்குப் போனவர்கள் அந்த நாளை எழுதிவைத்திருக்கிறார்கள், அவ்வளவே.

தேதி போட்டு எழுதுவது தமிழுக்கு வராத கலை என்று சொல்ல முடியாது. புதுச்சேரியில் ஆனந்தரங்கப் பிள்ளை 1736 முதல் கால் நூற்றாண்டு நாட்குறிப்பு எழுதினார். அது வணிகத்துக்கும் அரசியலுக்கும் போயிற்று. உழவரிடமும் நுட்பமான காலக் கணக்கு இருந்தது. ஆடிப்பட்டம், தைப்பட்டம் என்று விதைப்பின் நாட்காட்டி வாய்மொழியாகவே வந்தது. இடைசெவல் கி. ராஜநாராயணன் உழவராக இருந்து எழுதவந்ததால்தான் அவருடைய கரிசல் எழுத்தில் மழை வானிலைச் செய்தியாக வருவதில்லை. யார் வீட்டில் விதை இருக்கிறது, யார் வீட்டில் ஏர் இல்லை என்ற மனிதர் கதையாக அது வருகிறது.

ஆனாலும் ஒயிட், தோரோ போல ஆண்டுக்கணக்கில் ஒரே இடத்தைப் பார்த்து எழுதியவர் என்று தேடினால் என் மனம் மா. கிருஷ்ணனிடம்தான் போகிறது. நாவலாசிரியர் அ. மாதவையாவின் மகன். 1950இல் ஒரு கல்கத்தா ஆங்கில நாளிதழில் தொடங்கிய இயற்கைப் பத்தியை 1996இல் இறக்கும் வரை எழுதினார். யானையைப் பற்றி எழுதிய அதே மரியாதையோடு காகத்தையும் பல்லியையும் பற்றி எழுதினார். அவருடைய தமிழ்க் கட்டுரைகளைத் தியடோர் பாஸ்கரன் ‘மழைக்காலமும் குயிலோசையும்’ என்று தொகுத்தார். நம் பள்ளிகளில் அந்த நூல் கட்டாயம் இருக்க வேண்டும் என்று பிடிவாதமாகச் சொல்வேன். பறவைக்கும் செடிக்கும் தமிழில் ஏற்கெனவே பெயர் இருக்கிறது, அதைத் தேடி எடுத்துப் புழங்கு என்று அந்த நடை ஒவ்வொரு பக்கத்திலும் கற்றுக்கொடுக்கிறது.

இன்றைய நம் தெருவைப் பார்த்தால் பருவத்தை அறிவிப்பவை பெரும்பாலும் வந்தேறிய மரங்கள். கோடையில் சிவக்கும் மயிற்கொன்றை மடகாஸ்கருக்கு உரியது. தூங்குமூஞ்சி மரமும் காகிதப்பூவும் அமெரிக்கக் கண்டத்திலிருந்து வந்தவை. இதில் எனக்கு வருத்தம் இல்லை. மிளகாயும் அப்படி வந்ததுதான். வருத்தம் வேறு. தமிழ்நாட்டின் ஆண்டு மழையில் ஏறத்தாழப் பாதியைத் தரும் வடகிழக்குப் பருவமழை ஒருமுறை 2015 போல ஊரை மூழ்கடிக்கிறது, இன்னொருமுறை பொய்த்துப் போகிறது. மாமரம் எப்போது பூத்தது, முதல் குயில் எந்த வாரம் கூவியது என்று கேட்டால், போன ஆண்டைவிடச் சீக்கிரம் போலிருக்கிறது என்பதற்குமேல் நம்மால் சொல்ல முடியவில்லை. அந்தப் ‘போலிருக்கிறது’ கவிதைக்கும் போதாது, அறிவியலுக்கும் போதாது. இந்தியாவில் சீசன்வாட்ச் என்ற திட்டத்தில் பள்ளிப் பிள்ளைகள் ஆளுக்கொரு மரத்தை வாராவாரம் பார்த்து இலை, பூ, காய் நிலையைப் பதிகிறார்கள். கேரளப் பிள்ளைகள் அதில் முன்னணியில் இருக்கிறார்கள். எழுதுகிறவர்கள் அவர்களுக்குப் பின்னால் நிற்கிறோம்.

தேதியிலேயே இயங்கும் பூ ஒன்று நம் மலைகளில் உண்டு. பன்னிரண்டு ஆண்டுக்கு ஒருமுறை பூக்கும் நீலக்குறிஞ்சி 2006இலும் 2018இலும் மேற்குத் தொடர்ச்சி மலைச் சரிவுகளில் திரளாகப் பூத்தது. தங்கள் வயதையே குறிஞ்சி பூத்த கணக்கில் சொன்ன மலைமக்கள் இருந்திருக்கிறார்கள். அடுத்த பூப்பு 2030இல் வர வேண்டும். செடி வளர்ந்து வரும் ஆண்டுகள் இவை. யாரும் பார்க்கப் போகாத ஆண்டுகளும் இவைதான். கொடைக்கானலிலோ கோத்தகிரியிலோ குடியிருந்து எழுதும் ஒருவர், வீட்டுக்குப் பக்கத்துச் சரிவு ஒன்றைத் தேர்ந்து இந்த மாதமே குறிப்பைத் தொடங்கலாம். செடி முழங்காலுக்கு வந்ததா, பக்கத்தில் சீகை மரம் பரவியதா, தேயிலைத் தோட்டம் எத்தனை அடி நகர்ந்தது, எந்த வாரம் மூடுபனி விலகவில்லை, அன்று தன் வீட்டில் என்ன சமைத்தார்கள் என்பது வரைக்கும் அதில் எழுதலாம்.